பலவேசம் தண்ணீர் ஊற்றிய தாழி

பலவேசத்துக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் ஏழாயிரம்பண்ணையில் கிராம சுகாதார நர்சாக இருந்தபோது அவற்றைக் கொண்டுபோன பட்டாசுத் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். பொதுவாக எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் புண்ணையே பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு எம்புட்டு ஆறியிருக்கு நர்சம்மா?" என்று கேட்பார். ஆறவில்லை என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட நோயாளி அதிகம் கிடைப்பதில்லை.

மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருடம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவர், வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவதில் தொடங்கிப் போர்மேன் வரை வந்தார். அவர் போர்மேனான பிறகு அவர் பொறுப்பில் இருந்த மருந்து அறைகளில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. நான் ஓய்வு பெற்று அதே ஊரில் தங்கிவிட்டதால் இது எனக்குத் தெரியும்.

2006இல் ஊர்க் கடைசியில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மழைக்கு முன்பு கூரை ஏற வேண்டும்.

அஸ்திவாரக் குழியில் ஒரு பானையின் வாய் தென்பட்டது. மூடியை நகர்த்தினால் உள்ளே கறுப்பாகப் பொடி. கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார். பலவேசம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்பை அங்கன போடுலே. எவனோ மருந்தைப் புதைச்சு வச்சிருக்கான்."

அந்தப் பக்கத்தில் திருட்டுத்தனமாக வெடிமருந்தைப் புதைப்பவர்கள் உண்டு. கறுப்புப் பொடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பெனியில் முதலில் பழகுவது அதுதான். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குடம் குடமாக, பொடி பறக்காமல், ஓரமாக ஊற்றினார். பொடி அடங்கியது. வெள்ளையாக ஓர் எலும்பு தெரிந்தது.

அவர் மனைவி மாரித்தாய் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "யாரையோ கொன்னு போட்டுருக்காக நர்சம்மா."

போய்ப் பார்த்தேன். எலும்புக்குள் வேர் நுழைந்து வெளியே வந்திருந்தது. பக்கத்தில் உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஒரு சின்னக் கிண்ணம். முதுமக்கள் தாழி. போலீஸுக்கு வேலை இல்லை. சிவகாசிக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் ருக்சானாவுக்குப் போன் செய்தேன். அவள் தாயாரைக் கடைசிவரை நான் கவனித்திருக்கிறேன். தொடாதீர்கள், நிழல் போடுங்கள், மதியத்துக்குள் வருகிறேன் என்றாள்.

அதற்குள் தாழியில் விரிசல் விழுந்துவிட்டது. ஊறிய மண் உள்ளிருந்து தள்ளியது.

"இதுதான் சாக்குன்னு உடைச்சுத் தூரப் போடுங்க. பொணப் பானை மேல படுத்துத் தூங்கவா வீடு கட்டுறீக?" என்றாள் மாரித்தாய்.

"உடையாம நிக்குதான்னு மட்டும் பாப்போம்."

"நிக்கும், நிக்கும். பாயும் தலையாணியும் கொண்டாந்து தாரேன்."

பலவேசம் தார்ப்பாய் கட்டி வெயிலை மறைத்தார். ஈரச் சரக்கு சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. தாழியைச் சுற்றிச் சாக்கில் மணல் முட்டுக் கொடுத்தார். நான் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். எட்டு விரல்களால், எலும்பு முறிவுக்குக் கட்டுவதைப் போல இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் சுற்றினார். தாழியின் கழுத்தைச் சுற்றி, செய்தவர் பெருவிரலால் அமுக்கிய தடங்கள் இருந்தன. ஒரு தடத்தில் பலவேசம் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"சுத்தி வர ஒரே அளவா அமுக்கியிருக்காக. நம்ம கம்பெனியில இப்படி ஒரு ஆளு இல்ல."

ருக்சானா வந்தாள். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது என்றாள். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து முகம் சுருங்கினாள். "ராத்திரி மழையா?"

"நாந்தான் ஊத்தினேன்," என்றார் பலவேசம். "மருந்துன்னு நெனச்சுட்டேன்."

"அந்தக் கறுப்புப் பொடியில மக்கிப்போன தானியம், உமி எதுவும் இருந்திருந்தா, எது எந்த அடுக்குல இருந்துச்சுன்னு இனிமே சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். சாக்குச் சொல்லவில்லை. "பானையாவது முழுசாப் போவுமா?" என்று மட்டும் கேட்டார்.

முழுசாகவே போயிற்று. தொல்லியல் துறையினர் வந்து, அவர் போட்ட கட்டோடு சேர்த்தே தூக்கினார்கள். ஆனால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வாய்கள் தெரிந்தன. மனையின் முன்பாதியை ஆய்வு முடியும்வரை தொடக் கூடாது என்றார்கள். எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மேகம் கூடிக்கொண்டிருந்தது. இரண்டு வாய்களையும் மண் தள்ளி மூடிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று கொத்தனார் மெதுவாகச் சொன்னார். துறையிலிருந்து எவரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பலவேசம் கயிற்றை எடுத்துப் பின்பாதியில் புதிதாக அளவு போட்டார். இரண்டு அறை வீடு ஓர் அறையும் சமையலறையுமாகச் சுருங்கியது.

மாரித்தாய் ஒரு நிபந்தனை போட்டாள். "அந்தப் பக்கம் சன்னல் வைக்கக் கூடாது."

வைக்கவில்லை. மழைக்கு முன்பு கூரை ஏறியது. அடுத்த சித்திரையில் நான் போனபோது வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. முன்பாதி வேலியடைத்து அப்படியே கிடந்தது. காற்று வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மாரித்தாய் விசிறிக்கொண்டே, "பொம்பள சொன்னா அப்படியே கேட்டுருதாக இந்த மனுசன்," என்று என்னிடம் குறை சொன்னாள். பலவேசம் வெளியே, சன்னலுக்காக அந்தப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.