பெரிய வெள்ளியன்று எட்டு மணி இட்லி

தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதில் என் மனைவி எஸ்தரை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பார்கள். நானெல்லாம் அந்த வெள்ளியிலும் பதினோரு மணிக்கு டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிற ரகம். கோயிலில் பெண்கள் எஸ்தரைக் காட்டித் தங்கள் மகள்களுக்குப் புத்தி சொல்வார்கள். வெளியே வந்ததும் அதே வாயால், "நாப்பது நாளு இருந்தும் ஒடம்பு ஒரு சுத்துக்கூடக் கொறையலையே" என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் உடம்பில் ஊருக்கு என்ன வேலை?

எஸ்தர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். ஓடைப்பட்டியிலிருந்துகூடப் பெண்கள் ஜாக்கெட் தைக்க வருவார்கள். மற்ற டெய்லர்கள் அளவெடுக்கும்போது "இடுப்பு நாப்பத்திரெண்டு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லி எழுதுவார்கள். எஸ்தர் வாயைத் திறக்க மாட்டாள். நோட்டில் எழுதி மூடிவிடுவாள். பருமனான பெண்கள் அவளைத் தேடி வருவது அதனால்தான் என்பது, கூடவே பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணிய எனக்குப் போன வருஷம்தான் விளங்கியது.

நான் சின்னமனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. ரஸ்க் பாக்கெட் அடிக்கடி காணாமல் போனது. எலி என்று நினைத்துப் பொறி வாங்கி வந்தேன். எஸ்தரே அதில் தேங்காய்ச் சில்லு மாட்டிக் கொடுத்தாள்.

போன தவக்காலத்து முதல் ஞாயிறு, பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது எஸ்தர் எழவில்லை. அடுத்த ஞாயிறும் எழவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய செய்தி. மனதில் கனமான பாவம் இருக்கிறவர்கள்தான் அப்படி உட்காருவார்கள். மூன்றாவது ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா பங்கிராசு, வீட்ல எதும் வெவகாரமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனேன்.

அடுப்படித் தரையில் எஸ்தர் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுப் பானை. பக்கத்தில் ரஸ்க், பன், காலியான மிக்சர் பொட்டலம். குழம்புகூட ஊற்றாமல் வெறும் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ருசித்துத் தின்கிறவள் முகம் இல்லை அது. யாரோ பின்னால் நின்று விரட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்த பிறகும் கை உடனே நிற்கவில்லை. இரண்டு கவளம் கழித்துத்தான் நின்றது.

"பாத்துட்டீகளா," என்றாள்.

நான் எவனையோ பிடிக்க வந்தவன். அவளோ தான் பிடிபட்டுவிட்டதாக நினைத்துக் கூனிக்குறுகி இருந்தாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"பதினோரு வருசமா சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்றப்பல்லாம் சொல்றேன், போசனப்பிரியம், அளவில்லாமத் திங்கிற பாவம்னு. அபராதமா நானே ஒருசந்தி இருந்துக்கிருவேன். பதினோரு மணியாச்சுன்னா கை நடுங்கும். ஒரு வாய் தொட்டுட்டா நிறுத்த முடியல. நெஞ்சு வலிக்கிற வரைக்கும் திங்கிறேன். மறுநா அந்தப் பாவத்துக்கும் சேத்து ஒருசந்தி."

"நம்ம கோயிலுக்கு வந்திருக்கிற புதுச் சாமியாரு என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"கிறிஸ்டோபர் சாமி, 'இது பாவம் இல்லம்மா, சீக்கு. டாக்டரப் பாருங்க'ன்னாக." அவளுக்கு அழுகை முட்டியது. "பாவம்னா மன்னிப்பு உண்டு. பாவமே இல்லேன்னா மன்னிப்பு எங்கன போயி வாங்குறது?"

உனக்கு மன்னிப்பே கிடையாது என்பதைத்தான் சாமியார் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மூன்று வாரமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அழுவதா, அவளைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

அந்த வாரமே தேனியில் தேவயானி என்ற மனநல டாக்டரிடம் போனோம். அறைக்குள் எடை மெஷினைப் பார்த்ததும் எஸ்தர் வாசலிலேயே நின்றுவிட்டாள். டாக்டர் அதைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, "வாங்க, உக்காருங்க," என்றார். அடக்க முடியாமல் தின்பது ஒரு நோய், பட்டினி கிடக்கக் கிடக்க அது முற்றும் என்று விளக்கினார். வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும். மூன்று வேளையும், நடுவில் இரண்டு தடவையும், மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

"எளைக்கிறதுக்கு மருந்து?" என்று முந்திரிக்கொட்டை மாதிரி கேட்டது நான்தான்.

"எளைக்கிற பேச்சே இப்ப வேண்டாம் சார். மொதல்ல இவங்க பயமில்லாம சாப்பிடணும்."

டாக்டரும் சீக்கு என்றே சொல்லிவிட்டதால், அடுத்த ஞாயிறு எஸ்தர் நற்கருணைக்கு எழுந்தாள். ஆனால் தவக்காலத்தில், ஊர் பார்க்கக் காலையில் தட்டு முன்னால் உட்காருவதற்கு அவளால் முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டாள். சாத்திக்கொண்டு சாப்பிட்டால் அதுவும் திருட்டுத் தீனி மாதிரியே இருக்கிறது என்று அழுதாள். நடுவில் இரண்டு நாள் பழையபடி ஆகிவிட்டது. அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னாள்.

இப்படியே, இயேசு உயிர்விட்ட நாளான பெரிய வெள்ளி வந்தது. அன்று காலையில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. எட்டு மணிக்கு அவளுக்கு நாலு இட்லி வைத்தேன், எனக்கும் நாலு வைத்தேன்.

"நீங்களுமா? ஊரு ஏசும்."

"ஏசட்டும்."

கதவைச் சாத்த எழுந்தேன். "தெறந்தே கெடக்கட்டும்," என்றாள். முதல் இட்லி பாதிகூட இறங்கவில்லை, கோயிலுக்குக் கிளம்பிய பிலோமினா அக்கா வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏத்தா எஸ்தரு, பெரிய வெள்ளியன்னைக்கா?"

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா. எனக்குச் சீக்கு. வேளாவேளைக்குச் சாப்புடச் சொல்லியிருக்காக."

அக்கா என் தட்டைப் பார்த்தாள். "ஒனக்குமாடா சீக்கு?"

"எனக்குப் பசிக்குதுக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள். எஸ்தர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில், மூன்று வாரமாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததை நானும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பதினோரு மணிக்கு நான் சும்மா வரல. ஒன்னத் தேடி எவனோ வாரான்னு நெனச்சு, வேவு பாக்க வந்தேன்."

அவள் கை நின்றது. தட்டு பறக்கும் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து தன்னையே பார்த்தாள்.

"இந்த ஒடம்பத் தேடி எவன் வருவான்?" கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன், பதினாறு வருசமா நான் வரலையா?" என்றேன்.

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது.

"கூறுகெட்ட மனுசன். போயி சாமிகிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்குங்க. அது பாவந்தேன்."

சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னொரு கரண்டி சட்னி ஊத்துங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எஸ்தர் என்னிடம் வாய்விட்டுச் சாப்பாடு கேட்டது அன்றுதான்.