டிரசர் கைபட்டது

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர் வேலை என்பது, காலையிலிருந்து மாலைவரை ஊரார் உடம்பைத் தொட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் பேச ஒரு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. மருந்து வாடையோடு வீடு திரும்பி, தனியாகச் சோறு வடித்து, தனியாகச் சாப்பிட்டுப் பழகிய நண்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எவ்வளவு நேரம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் வந்த பெரிய சளிக்காய்ச்சலில் உறவுகளைப் பறிகொடுத்த ஜனங்கள். யாராவது தும்மினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வரிசையாகக் கதவு சாத்துவார்கள். அந்த மழைக்காலத்தில் அதேபோல் ஒரு காய்ச்சல் மறுபடி வந்தது.

ஈப்போவிலிருந்து காரில் வந்துபோகும் யாழ்ப்பாணத்து டாக்டர், நோயாளி தொட்ட இடத்தைத் தொட்டு, அந்தக் கையை மூக்கில் வைத்தாலும் வரலாம் என்றார். தாழ்ப்பாள், குவளை, குழாய்த்திருகு எல்லாவற்றையும் கார்பாலிக் தண்ணீரில் துடைக்கச் சொன்னார். என் மனைவி செல்லம் அப்போது ஏழு மாதம். வார்டிலிருந்து போய் அவள் திறக்கும் அதே கதவைத்தான் நானும் திறந்தாக வேண்டும். தாழ்ப்பாளில் அந்த நோய் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டேன். டாக்டர் கார்க் கதவின் பிடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறினார்.

"அது ஆருக்கும் தெரியாது தம்பி. நீர் துடையும்."

மச்சான் வந்த நாள்

பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்த செல்லத்தின் அண்ணன், சேதி கேட்டு ஓடி வந்தார். தங்கையை அழைத்துப்போக வந்தவர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் செய்தது சரிதான் என்று தெரிந்ததால் அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

வழுக்கும் படியில் செல்லம் இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவளும் கை கொடுக்க வந்தாள். மச்சான் குறுக்கே வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. கடைசி ஆளுக்குக் காய்ச்ச நின்னு ஒரு மாசம் ஆவட்டும், அப்புறம் வந்து பொண்டாட்டி புள்ளயப் பாருங்க."

தனி ஆணி

அதன்பின் மாலைத் தேநீருக்கு சாகுல் பாய் கடைதான் கதி. மூன்றாம் நாளே என் குவளை மட்டும் தனி ஆணியில் தொங்கியது. நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை ஞாபகம் வரும். பெஞ்சு முழுக்க எனக்கே. கால் நீட்டிக்கூடப் படுத்திருக்கலாம்.

ஒருநாள் மனசு கேட்காமல், மூன்று வருடப் பழக்கத்துக்கு இதுதானா பாய் என்றேன். அவர் தேநீரை எட்ட இருந்தே நகர்த்தி வைத்தார்.

"உங்க மேல மரியாத இருக்கு டிரசர், உங்க கை மேலதான் இல்ல."

பெரட்டுக் களத்துக் குவளை

ஊரைத் திட்டினேனே தவிர, என் லட்சணத்தைப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள்கணக்கு எடுப்பதற்கு, ஆட்கள் வரிசையில் நிற்கும்போது மலேரியாவுக்குக் கொயினாத் தண்ணீர் கொடுப்பது டிரசர் வேலை. கசப்புக்குப் பயந்து துப்பிவிடுவார்கள் என்று, ஒரே தகரக் குவளையை நானே ஒவ்வொரு வாயிலும் வைத்து, விழுங்கும்வரை நிற்பேன். பழக்கம் அப்படி. காய்ச்சல் வந்தபிறகும் அதையேதான் செய்தேன். லயம் முழுக்கத் தாழ்ப்பாளைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் தோல் உரிந்ததே தவிர, அந்தக் குவளை என் கண்ணில் படவில்லை.

ரப்பர்ப் பால் எடுக்கும் அஞ்சலைதான் ஒருநாள் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். அவள் புருஷன் முதல் நாள்தான் காய்ச்சலோடு வார்டில் வந்து படுத்திருந்தான். அடம்பிடிக்காதே என்று அதட்டினேன். அவள் தனக்கு முன்னால் குடித்துவிட்டு நின்ற ஆளைப் பார்த்தாள், பின் குவளையைப் பார்த்தாள்.

"எங்க கதவயெல்லாம் தொடச்சீங்களே டிரசரய்யா, இந்தக் குவளைய என்னிக்குத் தொடச்சீங்க?"

கடுதாசி

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரச் சொன்னேன். அஞ்சலை புருஷன் பிழைத்துக்கொண்டான். ஆனால் எத்தனை பேருக்கு நோயை நானே ஊட்டிவிட்டேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. என்னைக் கண்டால் எனக்கே பயம். செல்லத்துக்குக் கடிதம் எழுதினால் தாளின் இருபுறமும் கார்பாலிக் துணியால் ஒற்றி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்துத்தான் தபாலில் போடுவேன்.

பெண் குழந்தை பிறந்திருப்பதாக மச்சானிடமிருந்து சேதி வந்தது. சந்தோஷத்தைச் சொல்ல பக்கத்தில் ஆளில்லை. மருந்து அலமாரியிடம் சொன்னேன். நாலு பக்கம் எழுதி, இன்னும் ஒரு தடவை அதிகமாகவே துடைத்து அனுப்பினேன். செல்லத்தின் பதில் ஒரே வரி.

"மருந்து நாத்தம்தான் வந்துச்சு, மையெல்லாம் கரஞ்சு போச்சு, நல்லா இருக்கேன்னு எழுதினீங்களா இல்லன்னு எழுதினீங்களா?"

கடைசிப் படுக்கை

வார்டில் கடைசியாகத் தங்கியவர் மாரிமுத்து. சொந்தபந்தம் இல்லாத மனிதர். கஞ்சி கொடுக்க, துடைத்துவிட, புரட்டிப் போட எல்லாம் நான்தான். ஒருநாள் மத்தியானம் வெறுமனே என் கையைப் பிடித்துக்கொண்டார். காரணமில்லாமல் ஒருவர் என் கையைப் பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உருவிக்கொள்ளத்தான் நினைத்தேன், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. நாலு நாளில் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். அன்று கையைப் பிடித்தபடி அவர் சொன்னது மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை.

"இந்தக் கட்டில்ல வந்து என்னத் தொடுறது நீங்களும் ஈயுந்தான் டிரசரய்யா."

பாகான் டத்தோ

மாரிமுத்து போன நாளிலிருந்து ஒரு மாதம் எண்ணினேன். பிறகும் மூன்று நாள் கூட்டிக்கொண்டேன். ரயிலேறி, தெலுக் ஆன்சனில் படகேறிப் போனேன். மச்சான் வீட்டுக் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன், மறுபடி கழுவினேன், மறுபடியும். மச்சானே போதும் மாப்ள என்றார்.

செல்லம் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நீட்டவில்லை. பெரட்டுக்கு நிற்கிறவனைப்போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தகரக் குவளைதான் கண்ணுக்குள் நின்றது. செல்லம் என் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு நேரே வந்து குழந்தையை என் நெஞ்சில் சாத்திவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். விழுந்துவிடுமே என்று பிடித்தேன்.

"ஊரான் கையெல்லாம் புடிச்சீங்க, இதப் புடிக்க மட்டும் கை வரலியா?"

அந்த வருடம் தோட்டத்துச் சளியெல்லாம் என்னைத் தொடாமல் விட்டுவிட்டது, எனக்கு வந்த ஒரே சளி என் மகள் கொடுத்தது, அது சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மட்டும் இந்த டிரசர் ஒரு மருந்தும் குடிக்கவில்லை.