இல்லை அணிக்கு ஓர் ஆள் குறைவு

பெங்களூர் தொம்மலூரில் ஒரு மின்சாமான் கடையின் மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது பட்டிமன்றம் நடத்துவோம். பத்திரிகையில் வேலை பார்ப்பவன் எந்தப் பக்கமும் சாயமாட்டான் என்று என்னை நடுவராக்கியிருந்தார்கள். அன்றைய தலைப்பு, ‘துன்பம் நிறைந்த உலகில் கடவுளுக்கு இடம் உண்டா, இல்லையா?’ ‘இல்லை’ அணியில் பேச வேண்டிய ஐ.டி. இளைஞன் காலையில் போன் செய்து, ஆபீசில் சர்வர் படுத்துவிட்டது, வர முடியாது என்றான்.

“கடவுள் இல்லைன்னு சொல்றதுக்கும் சர்வர் வேணும் போல,” என்றார் எங்கள் மன்றச் செயலாளர். பிறகு ‘உண்டு’ அணியில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியரிடம் திரும்பினார். “சார், நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. பேச்சுதானே?”

கொடுத்த பக்கத்தைப் பேசுவது பட்டிமன்றத்தில் வழக்கம்தான். ஆசிரியர் அல்சூர்க்காரர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். சிரித்துக்கொண்டே எதிர் நாற்காலிக்கு மாறினார். முன்வரிசையில் இருந்த அவர் மனைவியும் சிரித்தார்.

ஆசிரியர் பேச்சில் முதலில் வழக்கமான நகைச்சுவைகள். பிறகு, குரலை உயர்த்தாமல், தங்களுக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை இரண்டு நாள் உயிரோடு இருந்தது என்றார். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

“சோதனைன்னு சொல்றாங்க. நானும் பரீட்சை வைக்கிறவன்தான். ஒருத்தனைச் சோதிக்கிறதுக்காக இன்னொருத்தன் விடைத்தாளைக் கிழிக்கிற வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்க?”

கைதட்டல் நிற்கவேயில்லை. அவர் மனைவி கைதட்டவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாதத்தை மட்டும் எடைபோட்டு, இல்லை அணிக்கே தீர்ப்புச் சொன்னேன்.

அந்த வாரத்திலேயே அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

“அண்ணா, சோதனைன்னு எனக்குச் சொன்னதே இவருதான். பாப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, என் பக்கத்துல உட்கார்ந்து சொன்னாரு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் எழுந்தேன். இத்தனை வருஷமும் அதுலதான் நிக்கிறேன்.”

“அது மேடைப் பேச்சும்மா. சார் மனசுல இருக்கறது வேற.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். வீட்டுல கேட்டேன். ‘நல்ல பாயிண்ட் இல்ல?’ன்னாரு. இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்காரு அண்ணா. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஷேவ் பண்றாரு. அதான் பயமா இருக்கு.”

அவர் கேட்டது ஒன்றுதான். அதே தலைப்பை மறுபடி வைக்க வேண்டும், ஆசிரியர் உண்டு அணியில் பேச வேண்டும். “அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். ஒரு தடவை அவர் வாயால கேட்டுட்டா எனக்குப் போதும்.” செயலாளருக்கு இதில் சந்தோஷம்தான், போன தடவை வராதவர்களும் இந்தத் தடவை வருவார்கள் என்றார்.

வந்தார்கள். நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் தன்னுடைய பழைய கேள்வியையே முதலில் எடுத்தார்.

“போன தடவை இங்க ஒருத்தர் பேசினார். விடைத்தாளைக் கிழிச்சுட்டாங்கன்னு அழுதார்.” சிரிப்பு. “நான் அவரைக் கேட்கிறேன். அநியாயம்னு சொல்றீங்களே, நியாயம்னு ஒண்ணு இருக்கப் போய்த்தானே சொல்றீங்க? தராசே இல்லாத கடையில எடை குறையுதுன்னு யாராவது சண்டை போடுவானா? உங்க கோபம் இருக்கே, அதுதான் ஐயா சாட்சி!”

முந்தையதைவிடப் பெரிய கைதட்டல். நான் உண்டு அணிக்குத் தீர்ப்புச் சொன்னேன். வேறு தீர்ப்புக்கு அங்கே வழியே இல்லை.

கீழே டீ கொடுத்தார்கள். அந்த அம்மா கணவர் அருகே வந்து நின்றார்.

“நம்ம பாப்பாவுக்கு இதுதான் பதிலா?”

“அந்த வாதத்துக்கு இதுதான் பதில்.”

“நான் வாதத்தைக் கேக்கல.”

அவர் டீயை ஊதிக் குடித்தார். அந்த அம்மா ஆட்டோ பார்க்கச் சாலைக்குப் போனதும் என்னிடம் சொன்னார்: “இப்பவே என்னை மறுபடியும் அந்தப் பக்கம் உட்கார வைங்க. தராசையும் உடைச்சிடுவேன்.” பெருமையாகச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்பவரைப் போலச் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒசூரிலிருந்து ஒரு மன்றம் அவரைப் பேச அழைத்திருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுவாரா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். கதவைத் திறந்த அந்த அம்மா இளைத்திருந்தார். “செபமாலை நேரம் அண்ணா. முடிச்சிட்டுப் பேசலாம்,” என்று எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் கணவர் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

செபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். அந்த அம்மா அவசரமாக, தாழ்ந்த குரலில், மணியை நகர்த்திக்கொண்டே சொன்னார். ஆசிரியர் பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசிச் சொல்லுக்குப் பிறகு சின்னதாக ஓர் இடைவெளி விட்டார். நான் அந்த மாடியில் இரண்டு முறை கேட்ட அதே குரல்.

செபமாலையில் சில மணிகள் நகர்ந்தன. அந்த அம்மா தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். தான் சொல்ல வேண்டிய பாதியைத் தொடங்கவில்லை. எழுந்து, செபமாலையை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

ஆசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. வழக்கமான அந்த இடைவெளி மட்டும் விட்டார். பிறகு மனைவியின் பாதியைச் சொன்னார். அதை முடித்துத் தன் பாதியையும் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை.