வலது பாதி

லாஹ்தி நகரில் தையல் கடை வைத்திருந்த சில்வியும் அவள் கணவன் ரெய்னோவும் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவனுக்கு உயிர், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய ஒரு பழைய ஆயிரம் மார்க் நோட்டு. அதில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாய் ஒரு கூட்டம், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்கும். எல்லாரும் துணியில்லாமல் சேர்ந்து உட்காரும் சவுனா நீராவிக் குளியலில் முதலாளியும் கிடையாது கூலிக்காரனும் கிடையாது, அதைத்தான் படம் போட்டவர் சொல்கிறார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு விளக்குவான்.

அவர்கள் காலத்துக்கு முன்பு, உலகப் போர் முடிந்து வந்த புத்தாண்டில் பெரிய நோட்டுகளைக் கத்தரியால் இரண்டாக வெட்டச் சொல்லி அரசு ஆணை வந்தது. இடது பாதி அரை மதிப்புக்குச் செல்லும்; வலது பாதி அரசுக்குக் கட்டாயக் கடன். ரெய்னோவின் அம்மா இம்பி மட்டும் ஒரு நோட்டை வெட்ட மறுத்து ஒளித்து வைத்தாள். சட்டத்தில் இருந்தது அதுதான்; வெட்டாத நோட்டு என்பதில்தான் அவனுடைய பெருமையே.

பிறகு நோட்டு சேகரிப்பவர் சங்கத்தில் சந்தித்த ஒருத்தியோடு ரெய்னோ போய்விட்டான். போனதைவிட, சில்விக்கு ஊசிநூலைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அவன் சங்கத்தில் சொல்லிச் சிரித்ததுதான் அவளைச் சுட்டது. வழக்கறிஞர் முன்னிலையில் வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது அந்த நோட்டை அவள் கேட்டாள்.

"பாதி உன்னுதுதானே. வேணும்னா வெட்டி எடுத்துக்கோ," என்றான் ரெய்னோ. வழக்கறிஞரும் சிரித்தார்.

அவள் நோட்டைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் துணிக் கத்தரியை எடுத்தாள். அவன் எழுந்து நிற்பதற்குள், படத்தில் நின்ற கூட்டத்தின் நடுவே கத்தரி நேராக ஓடி முடிந்திருந்தது.

"என்னடி பண்ணிட்ட?"

"ஆணைப்படிதான் வெட்டிருக்கேன். இடது பாதி செல்லும், அது எனக்கு. உன்னுது கடன். அரசாங்கத்துக்கிட்டப் போய்க் கேளு."

இம்பி அவளிடம் அன்பாக இருந்தவள். அந்த நினைப்பு வந்தபோதும் இடது பாதியை மடிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது இடது பாதி தையல் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், நான்கு குண்டூசிகளில் நிற்கிறது. ரெய்னோவும் அதே தெருவில்தான் இருக்கிறான். அளவு கொடுக்க வருகிறவர்களில் அது என்னவென்று கேட்காதவர் குறைவு. கேட்டவர் யாருக்கும் சில்வி சொல்லாமல் விட்டதில்லை.