ஓடி வந்தவள் என்று எழுதினேன்

பொதுமன்னிப்பு அறிவித்த கோடை அது. விசா முடிந்தவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்றதும், பர் துபாயில் இந்தியத் துணைத் தூதரக வாசலில் கூட்டம் அலைமோதியது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஊர் திரும்ப அவுட் பாஸ் என்ற தற்காலிகச் சீட்டு வேண்டும்; எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்க எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து நாலு பேர் போனோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் வேகத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம். பாஸ்போர்ட் ஏன் இல்லை என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: 'விசா கொடுத்த கஃபீலிடமிருந்து ஓடி வந்துவிட்டார்; பாஸ்போர்ட் அவரிடம் உள்ளது.' ராஸ் அல் கைமா குவாரி ஆட்கள் எல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இரண்டாம் வாரத்தில் கேட்பதையே விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். எழுதி, கைநாட்டு வாங்கி, வழக்கம்போல் வாசித்துக் காட்டினேன்.

"நான் ஓடி வரலக்கா," என்றாள்.

"எல்லாருக்கும் இதத்தாம்மா எழுதுறோம். சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேணாமா?" எரிந்து விழுந்தேன்.

"கஃபீல்னு யாரையும் நான் பாத்ததே இல்லக்கா. வீட்டு வேலைன்னு கூட்டியாந்தாங்க. ரோலாங்கற ஏரியாவுல ஒரு ஃப்ளாட்டுல போட்டுப் பூட்டிட்டாங்க. ஏழு மாசம். ஆம்பளைங்க வருவாங்க. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் கதவச் சாத்தாமப் போனான். எறங்கிட்டேன்."

எந்தக் கட்டடம் என்று கேட்டேன். கீழே இருந்த ஜூஸ் கடையைச் சொன்னாள். ஐயோ! பிள்ளைகளோடு வாராவாரம் நான் நிற்கும் கடை.

அவளை இழுத்துக்கொண்டு உள்ளே இருந்த அதிகாரியிடம் ஓடினேன். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு விளக்கினார். இந்த விண்ணப்பம் போனால் நாளை மறுநாளே விமானம் ஏறலாம். ஆனால் சட்டத்தை மீறியவள் என்றுதான் பதிவாகும், கூட்டி வந்தவனை யாரும் கேட்க மாட்டார்கள். நடந்ததைச் சொன்னால் காப்பகத்தில் வைப்பார்கள். வழக்கு முடியும்வரை தங்கலாம், அபராதமும் கிடையாது என்றார். பதினோரு வருஷம் அங்கே குப்பை கொட்டியும், இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியவில்லை.

"கேஸு எத்தன நாள் ஆகும் சார்?"

"சொல்ல முடியாதும்மா. மாசக்கணக்குல ஆகலாம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊரில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதாகச் சொன்னாள். போய்விடு என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அவளே கண்ணைத் துடைத்தாள்.

"உள்ள இன்னும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கக்கா. நான் போயிட்டா அந்தக் கதவ யார் காட்டுறது? அதக் கிழிச்சுப் போடுங்க."

கிழித்தேன். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல நாலு பக்கம் எழுதினேன். சாயங்காலம் காப்பகத்து வண்டி வந்து அழைத்துப் போனது.

பிறகு அதிகாரியிடம், அதுவரை நான் எழுதிக் கொடுத்த பெண்களின் விண்ணப்பங்களைத் திருப்பிக் கேட்டேன். ஒன்பது பேர்.

"எல்லாரும் போயாச்சே மேடம்," என்றார்.

அவர்களில் ஒருத்தி, வாசித்துக் காட்டியபோது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நேரமில்லம்மா, அடுத்த ஆளு வாங்க," என்றேன் நான்.