கேசட்டின் காது

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வருஷம் தேதியெல்லாம் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பற்றி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, கறுப்பு. தையல் ஊசி வைக்கிற தகர டப்பாவில் பொத்தான்களுக்கு நடுவே கிடக்கும். அந்தக் காலத்து வீடியோ கேசட்டின் முதுகோரத்தில் இப்படி ஒரு துண்டு இருக்கும். நாங்கள் அதைக் காது என்போம். காது இருக்கிறவரை கேசட்டில் புதிதாக எதையும் பதியலாம். உடைத்துவிட்டால், கேசட்டை ஓட்டுகிற டெக்கு பதிய மறுத்துவிடும், உள்ளே இருக்கிற படம் பத்திரம். இது என் மகள் கல்யாணக் கேசட்டின் காது. உடைத்தவள் நான்தான்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கூட்டுவது, கேசட்டுகளைப் பின்னுக்குச் சுற்றி வைப்பது, பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைப்பது. முதலாளியை எல்லோரும் ஸ்டுடியோ அண்ணாச்சி என்பார்கள். என்னைவிட இளையவர்தான், வாய்க்கு மட்டும் நூறு வயசு. கல்யாண வீட்டுக்காரர்களிடம் குழைந்து பேசுவார். அவர்கள் படியிறங்கியதும், "மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தீயளா யக்கா? என் காமிராவுக்கே வாந்தி வருது" என்பார். நான் நிமிர்ந்து பேசமாட்டேன் என்பதால் வருகிறவர்களிடமெல்லாம், "யக்கா ஊமைப்படம். சத்தம் வேற கேசட்டுல இருக்கு, வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

ஆனால் தொழில் தெரிந்தவர். அவர் திட்டுகிற திட்டிலேயே விஷயமும் வந்து விழும். டெக்கில் ஒரு சின்ன விசை உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் நாடா முழுவேகத்தில் ஓடும், மூன்று மணி நேரம்தான் கொள்ளும், படம் தெளிவாக விழும். மறுபக்கம் தள்ளினால் பாதி வேகம். அதே நாடா ஆறு மணி நேரம் கொள்ளும், ஆனால் படம் மங்கி முகத்தின் ஓரமெல்லாம் கரையும். "ரெண்டு பேரு படுக்குத பாயில நாலு பேரைப் போட்டா எவன் மூஞ்சி எங்கன தெரியும்?" என்பார். அதோடு, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் படம் கொஞ்சம் தேயும். முதலில் எடுத்ததுதான் அசல். அந்த அசலை இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, அடுத்த கல்யாணத்தை அதன் மேலேயே எடுப்பார்கள். அதுதான் எங்கள் ஸ்டுடியோ வழக்கம். மறுபடி எடுக்கிற பெட்டியில் அசலைப் போடுவது என் வேலை. என் மகளுடையதையும் நான்தான் போட்டேன். நானே காது உடைத்துக் கொடுத்த நல்ல பிரதி மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறதே, என் வீட்டில் டிவியே கிடையாதே என்று நினைத்தேன்.

ஏரலுக்கு வாழப்போன மகள் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் மருமகனுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தது எங்கள் அண்ணாச்சிதான். அதைக் கேசட்டில் ஏற்றித் தருகிற அன்று சம்பந்தியம்மாள் வந்து, பையிலிருந்து பழைய கேசட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். உறையில் என் மகள் பேர் இருந்தது.

"புதுசு என்னத்துக்கு அண்ணாச்சி? இது வீட்டுல சும்மாத்தான கெடக்கு. இதுலயே ஏத்திக் குடுங்க."

யாருடைய கேசட்டு என்று அண்ணாச்சிக்குத் தெரியும். காது உடைந்த ஓட்டையில் ஒட்டுத்தாளை ஒட்டி மூடிவிட்டால் டெக்கு ஏமாந்து மறுபடி பதியும். கேசட்டை என் பக்கம் தள்ளி, "யக்கா, ஓட்டையை அடைங்க" என்றார். நான் அசையவில்லை. சம்பந்தியம்மாள், "ஒட்டுங்க மதினி. உடைச்சவிய நீங்கதான, உங்களுக்குத்தான எடம் தெரியும்" என்றாள். அண்ணாச்சி சிரித்துவிட்டு, "அழணும்னா அங்கன திரும்பி அழுங்க யக்கா. நாடாவுல ஈரம் பட்டா பூஞ்சை புடிக்கும்" என்றார்.

நான் ஒட்டினேன். வேண்டாம் என்ற ஒரு சொல் வாய்க்குள் இருந்தது. வேலை போய்விடும் என்கிற பயம்கூட இல்லை. ஆள் நிற்கையில் எனக்குக் குரல் எழும்பாது, அவ்வளவுதான். ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து, பெருவிரலால் நீவி, சுருக்கமில்லாமல் ஒட்டினேன். வேலையைச் சுத்தமாகச் செய்வேன் என்று எனக்குப் பேர் உண்டு.

பத்து நாளில் சம்பந்தியம்மாள் அதே கேசட்டோடு திரும்பி வந்தாள். புதுப்படம் பழையதைவிடக் கொஞ்சம் குட்டை. அது முடிந்த பிறகு, முதல் கல்யாணத்தின் கடைசிப் பத்து நிமிஷம் அழியாமல் மிஞ்சியிருக்கிறது. "கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியா ஓடிச்சு அண்ணாச்சி. புதுமருமவ டிவிய அமத்தப் போகுதா, அதுக்குள்ள செத்தவ வந்து நிக்கா! பயந்துபோயி ரெண்டு நாளாச் சோறு எறங்கல அவளுக்கு. சுத்தமாத் தொடச்சிருங்க." அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நான் சாப்பிட்டுட்டு வாரேன். அதுக்குள்ள அழிச்சு வையுங்க யக்கா."

உச்சிவெயில் நேரம். தனியாக உட்கார்ந்து ஓடவிட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் என்பது பெண்ணை வழியனுப்புகிற இடம். காரில் ஒரு காலை வைத்துவிட்டு என் மகள் திரும்பிப் பார்க்கிறாள். கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறாள். என்னைத்தான். காமிரா வெளிச்சத்துக்குக் கூசி நான் பந்தல் மறைப்புக்குப் பின்னால் நின்றேன். அவள் கண் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், மறுபடியும் வந்து, பைய கீழே இறங்குகிறது.

அலமாரியிலிருந்து புதுக் கேசட்டு ஒன்றை எடுத்து அடுத்த டெக்கில் போட்டேன். கேட்காமல் எடுக்கிறோமே என்று படிப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். எடுத்ததுதான் எடுத்தோம், நாடாவாவது கொஞ்சமாகச் செலவாகட்டும் என்று, விசையை ஆறு மணி நேரப் பக்கம் தள்ளிப் பதிந்தேன். பிறகு சம்பந்தியம்மாள் கேசட்டில் இருந்த அந்தப் பத்து நிமிஷத்தை அழித்தேன். அதையும் சுத்தமாகவே செய்தேன்.

அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து நிமிசப் படம், முழு நாடாவும் சும்மாக் கெடக்கு. அதுல போயி நெருக்கிப் பதிஞ்சிருக்கீயளே! களவாங்கதுலயுமா யக்கா சிக்கனம்?" அந்த வாரம் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேசட்டை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார். ஸ்டுடியோ டிவியில் நானும் போட்டுப் பார்த்தேன். ஆள் இருந்தாள், கார் இருந்தது. முகம் இருந்த இடத்தில் நனைந்த தாள் மாதிரி ஒரு வெளுப்பு. கண் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை.

சில வருஷத்தில் அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கி, கேசட்டுகளைச் சிடியாக மாற்றிக் கொடுத்தார். சிடியில் போட்டால் தெளியுமா என்று கேட்டேன். நானாக வாய் திறந்து அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். "இல்லாத மூஞ்சிய கம்ப்யூட்டர் எங்கன போயி எடுத்துட்டு வரும்?" என்றார். சிடி ஒவ்வொரு படத்தையும் முழுசாக வைக்காதாம். ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்ததில் எது மாறியதோ அதை மட்டும் எழுதிக்கொள்ளுமாம். தேய்ந்த கேசட்டில் துடிக்கிற புள்ளிகளையும் அசைவு என்று நினைத்து அதற்கே இடத்தைக் கொடுத்துவிடும், முகத்துக்கு இடம் மிஞ்சாது. அவர் சொன்னபடிதான் ஆயிற்று. வெளுப்பு இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெரிய டிவியில் போட்டுக் காட்டுகிறார்கள். கட்டம்தான் பெரிசாகத் தெரிகிறது.

அண்ணாச்சி செத்து நாளாயிற்று. எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. சம்பந்தியம்மாள்மேல்கூட வருவது குறைந்துவிட்டது. ஒட்டுத்தாளை நீவிய பெருவிரல் என் கையில்தான் இருக்கிறது.

மூணு மணி, ஆறு மணிக் கணக்கெல்லாம் சரியா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். காரில் ஏறும்போது அவள் உடுத்தியிருந்தது டவுணில் நானே எடுத்துக்கொடுத்த பட்டு. கத்திரிப்பூ நிறம் என்று நினைத்திருந்தேன். படத்தில் அரக்காகக் கரைந்து கிடக்கிறது. பார்த்துப் பார்த்து இப்போது என் மனசிலும் அரக்காகவே வருகிறது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த யாராவது இதைப் படித்தால், அது என்ன நிறம் என்று சொல்லுங்கள். காதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.