தலைச்சோலையில் சாத்தாத கதவு

நாடகத்தில் அந்தக் காட்சி மிகச் சிறியது. அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கொரு கோட்டை, நெடுநாள் பகை. தம்பி காய்ச்சலில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு அண்ணனின் மகள் சித்தப்பாவைப் பார்க்கப் போகிறாள். அந்தப் பக்கம் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் தன் கதவு திறக்காது என்று அப்பா முன்பே எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். அவள் அந்தி நேரத்தில் திரும்பி வருகிறாள். அப்பா வாயிலில் நின்று அவள் முகத்தைப் பார்க்கிறார். கதவு சாத்தப்படுகிறது. தாழ்ப்பாள் விழும் சத்தம். வெளியே இரவு முழுக்கப் பனி. காலையில் அவர் கதவைத் திறக்கும்போது மகள் உயிரோடு இல்லை.

கல்லூரியில் எனக்கு அந்த வெளிநாட்டு நாடகம் பாடமாக இருந்தது. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்கு முன்னால் வருவதெல்லாம் பாதி நாடகம், பின்னால் வருவது மீதி நாடகம் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். பிறகு பத்திரிகைக்காரனாக அதை மேடையில் சில தடவை பார்த்து விமர்சனம் எழுதியிருக்கிறேன். எல்லா மேடையிலும் அப்பா கல்லாக இருப்பார், மகள் மெழுகாக இருப்பாள். பார்ப்பவருக்கு யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமே இருக்காது.

இதைத் திரைப்படமாக எடுக்க வேண்டும் என்று சொன்னவர் என் பழைய நண்பர். சேலத்தில் ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தோம். அவர் புகைப்படக்காரர், நான் செய்தி மேஜையில் இருந்தேன். அவர் எடுத்து வரும் படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுவதும், அந்த வரிக்குப் படம் பொருந்தவில்லை என்று அவரோடு சண்டை போடுவதும் என் அன்றாட வேலை. வேலையை விட்ட பிறகு நான் ஏற்காட்டில் வீடு பிடித்துக் குடிவந்தேன். அவர் ஒரு நாள் மலையேறி வந்து, கோட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு காபித் தோட்டங்களை வைத்துக் கதையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தாழ்ப்பாளை மட்டும் அப்படியே விட்டேன். வசனத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டு, அந்தச் சத்தத்தை வெட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அப்பாவாக நடிக்க ஏற்காடு கடைவீதியில் காபித்தூளும் மிளகும் விற்கும் பாய் கிடைத்தார். நல்ல குரல், அகலமான நெற்றி, பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்ட பழக்கம். மகளாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடை நடிகை வந்தாள். படத்துக்கு வீடு பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலையில் அமைந்தது. முன்னால் களம், களத்துக்கு அப்பால் காபிச் செடிகள், ஓடு வேய்ந்த வீடு, கனத்த மரக்கதவு. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அந்தத் தோட்டத்தில் தாங்களே பாடுபடுகிறவர்கள். கல்யாணமாகிப் போன ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். படப்பிடிப்புக்காரர்களுக்குக் கேட்காமலே காபி வந்துகொண்டிருந்தது.

எல்லாக் காட்சிகளும் முடிந்து, கதவுக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு நண்பருக்கு மூடுபனி வேண்டும். அந்த வாரம் முழுவதும் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கடைசி நாள் மாலை, கிளியூர்ப் பக்கமிருந்து பனி ஏறி வந்து களத்தை மூடியது. நடிகை அன்று இரவே சேலத்தில் ரயில் ஏறியாக வேண்டும். அடுத்த வாரம் அந்த வீட்டில் காபிப் பழம் பறிப்பு. மற்ற காட்சிகளில் எல்லாம் செடி நிறைய சிவப்புப் பழம் தெரிகிறது. பறித்துவிட்டால் பிறகு எடுப்பது ஒட்டாது. அன்று மாலை அந்தக் காட்சி கிடைக்காவிட்டால் படமே இல்லை. இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கேமராவை உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

"ஏனுங்க, வாசக்கதவையா சாத்தப் போறீங்க?"

"ஆமாங்க. ஒரே ஒரு தடவ. சாத்தின கையோட தெறந்துருவோம்" என்றார் நண்பர்.

"அதெப்படிங்க? வெளக்கு வெக்கற நேரமாச்சுங்களே."

"அந்த வெளிச்சத்துக்குத்தாங்க இத்தன நாளாக் காத்துக்கிட்டிருந்தோம்."

"வெளிச்சத்த எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. இந்நேரத்துக்கு நாங்க பொறத்தாலக் கதவத்தான் சாத்துவோம். வாசக்கதவு தெறந்துதாங்க இருக்கோணும். ஊட்டுல புள்ளத்தாச்சி வேற இருக்கறா."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, சினிமாவுக்குத்தானம்மா. சாத்திட்டுப் போறாங்க, உடு."

"நீ சும்மா இரு கண்ணு. உனக்கு வலி எடுத்தா சினிமாவா வந்து நிக்கும்?"

வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்து மாட்டுக்கொட்டகையில் வேலை வந்துவிட்டது.

விளக்கேற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று நண்பர் கேட்டுப் பார்த்தார். அந்த அம்மா கோபப்படவில்லை. கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடித்து நிறுத்தச் சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பாய் இடையில் வந்தார்.

"எங்க ஊட்டுல நேர் எதிருங்க அக்கா. மக்ரிப் நேரமானா புள்ளைங்கள உள்ள கூப்புட்டுக் கதவச் சாத்தச் சொல்லுவாங்க."

"அப்ப உங்க ஊட்டுலயே போயி எடுத்துக்கங்க பாய்."

"எடுக்கலாம். கதவத் தெறந்தா எதிர்ல பேக்கரி தெரியும். அதான் சங்கடம்."

நடிகை களத்தில் நின்று சிரித்துவிட்டாள். பனியில் அவள் சிரிப்பு மட்டும் வந்தது, ஆள் சரியாகத் தெரியவில்லை. நண்பர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று, கதவு திறந்தே இருக்கட்டும், எடுத்துவிடலாம் என்றார்.

நான் அவரைத் தனியே இழுத்தேன். கதவைச் சாத்தாமல் இந்தக் காட்சி ஏது, தாழ்ப்பாள் இல்லாமல் இந்த நாடகம் ஏது என்று கேட்டேன்.

"நீ இன்னும் மேஜையிலயே உக்காந்திருக்கற. அங்க என்ன இருக்குதோ அதத்தான் நான் எடுக்க முடியும். பனி எந்திரிச்சுப் போறதுக்குள்ள எடுக்கறேன், தள்ளு" என்றார். பத்திரிகையில் இருந்தபோதும் இதையேதான் சொல்வார்.

அடுத்த சங்கடம் பாய்க்கு. அந்தக் காட்சியில் அவருக்கு ஒரே ஒரு வசனம். 'இந்தக் கதவு இனி உனக்குத் திறக்காது.' மிளகு நிறுக்கும்போதும் தூள் அரைக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தே அவருக்குப் பொழுது போயிருந்தது. சுற்றுலா வந்த ஒரு பெண்மணி பயந்து தேன் வாங்காமலே போனதாகவும் கேள்வி.

"தெறந்து கெடக்கற கதவ வெச்சுக்கிட்டு இத எப்படிச் சார் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார்.

"சொல்ல வேண்டாம் பாய். உக்காருங்க. வாசலுக்கு முதுகக் காட்டி உக்காருங்க" என்றார் நண்பர்.

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

பாய் சுவர் ஓரமாகக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கேமரா அவர் பக்கவாட்டில் இருந்தது. ஒரு பாதியில் அவர் முகம், மறுபாதியில் கதவு நிலை, அதற்கு வெளியே களம், பனி, ஒன்றிரண்டு செடிகளின் சிவப்பு. வீட்டுக்கார அம்மா மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே போனார். வெளிச்சம் பாயின் நெற்றியில் ஏறியது. மகளாக நடித்தவள் பனியிலிருந்து வந்து படிக்கு முன்னால் நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. பழைய இரும்பு, பழைய மரம். வீடு முழுக்கக் கேட்டது.

விளக்கு வைத்ததும் பின்கதவைச் சாத்துவது அந்த அம்மாவின் அன்றாட வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவறாமல் செய்வது. இன்று வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

வெளியே மகளின் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். உள்ளே அப்பாவின் வலது கை முழங்காலிலிருந்து எழுந்தது. பாதி உயரத்தில் நின்றது. மெல்ல இறங்கி மறுபடி முழங்காலில் அமர்ந்தது. மகள் சிறிது நேரம் நின்று பனிக்குள் திரும்பிப் போனாள். கதவு திறந்தபடி இருந்தது. நண்பர் 'கட்' சொல்ல வெகுநேரமாயிற்று.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க, எதையாச்சும் கெடுத்துப்புட்டனா?"

"இல்லீங்க. காபி இருந்தா கொஞ்சம் குடுங்க" என்றார் நண்பர். இன்னொரு தடவை எடுக்கவில்லை.

தோளை எப்படி அப்படிச் செய்தாய் என்று நடிகையிடம் கேட்டேன். "பயந்துட்டேன் சார். உள்ள ஏதோ விழுந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றாள். பாயிடம் கை ஏன் எழுந்தது என்று கேட்டேன். "கால் மரத்துப் போச்சுங்க சார். எந்திரிக்கலாமான்னு கேக்கக் கையத் தூக்கினேன். அப்புறம் கேமரா ஓடுதேன்னு எறக்கிட்டேன்" என்றார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், ஓட்டிப் பார்த்தபோது எனக்கு வேறு விதமாகத்தான் தெரிந்தது. நாடகத்து அப்பா ஒரு முடிவு எடுக்கிறார். படத்து அப்பா எதையும் எடுக்கவில்லை. எழுந்து இரண்டடி வைத்தால் போதும், அவர் வைக்கவில்லை. நாடகத்து மகளுக்கு எதிரே மூடிய கதவு. படத்து மகளுக்கு எதிரே விளக்கு எரியும் வீடு, திறந்த வாசல், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா. அவளும் ஓரடி வைத்தால் போதும். வீடு இவர்கள் இருவரையும் பற்றி ஒன்றும் அறியாமல் தன் மாலை வேலையைச் செய்கிறது. நான் எழுதியதில் தப்பு முழுக்க அப்பாவிடம் இருந்தது. அந்தக் காட்சியில் அது இருவருக்கும் பங்காகிவிட்டது. விமர்சனம் எழுத உட்கார்ந்திருந்தால் மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் தொடங்கியிருப்பேன். இரண்டாவது பத்தியில் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் படத்தை முதலில் காட்டினோம். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, கதவைச் சாத்துவதுதான் அந்தக் காட்சியின் உயிர், அதைத் தொலைத்துவிட்டீர்கள் என்றார். நண்பர் ஆமாங்க என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். திரும்பி வரும் வழியில், மலைப்பாதை வளைவுகளில், தலைச்சோலையில் என்ன சொல்வார்களோ என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

தலைச்சோலைக்குப் போனபோது பழம் பறித்து முடிந்திருந்தது. பேரன் பிறந்து தொட்டிலில் கிடந்தான். அதே அறையில், அதே சுவருக்கு எதிரே டிவி இருந்தது. நண்பர் படத்தைப் போட்டார். வாசல் வழியாக மாலை வெயில் நேரே டிவியில் விழுந்து ஒன்றும் தெரியவில்லை.

"அந்தக் கதவக் கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

வீட்டுக்கார அம்மா, மகள், பாய், நான், எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நண்பர் எழுந்து டிவியைத் திருப்பி வைத்தார்.

காட்சி வந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"இது நம்ம தாப்பாச் சத்தமில்ல?" என்றார் அந்த அம்மா.

"நீதாம்மா சாத்தறே" என்றாள் மகள்.

அதில் அவருக்கு மேற்கொண்டு அக்கறை இருக்கவில்லை. டிவியில் நின்ற பெண்ணைப் பார்த்து, "ஏன் கண்ணு அங்கயே நிக்கறே? கதவு தெறந்துதான கெடக்குது. உள்ள வா சாமி" என்றார். அவள் வராமல் திரும்பிப் போனதும் பாய் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் வான்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா பாய்?"

"எனக்கு ஒரு வார்த்த இருந்துச்சுங்க அக்கா. நீங்கதான் சொல்ல உடல."

"நொம்ப நல்ல வார்த்ததான் போங்க" என்றார் வீட்டுக்காரர். அன்று அவருக்குக் கொட்டகையில் வேலை இல்லை.

பிறகு படத்தில் விடிந்தது. அப்பா உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்கிறார். அதை முன்பே எடுத்து முடித்திருந்தோம். படத்து மகள் சில்வர் ஓக் மரத்தடியில் சாய்ந்திருக்கிறாள், அசைவில்லை.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த வீட்டு மகளின் கை நின்றது. "அப்படின்னா ராத்திரி படுக்கப் போகையில எந்திரிச்சுச் சாத்தியிருக்காருங்களா? அவ வெளிய இருக்கறப்பவே?"

சேலத்தில் யாரும் கேட்காத கேள்வி. கதவு சாத்தப்பட்டதுதான். நாங்கள் எடுக்காத நேரத்தில், விளக்கு அணைத்த பிறகு, எல்லா வீட்டிலும் சாத்துவது போல் அவரும் எழுந்து சாத்தியிருக்கிறார். எங்கள் பேராசிரியர் சொன்ன தாழ்ப்பாள் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் நண்பரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அதைக் காட்டிக்கொள்ளக் கூடாத இடம் என்பதும் தெரிந்தது.

"சாத்துனீங்களா பாய்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. அன்னைக்கு நான் காட்சி முடிஞ்சதும் கடைக்குப் போயிட்டேன்."

வெளியே வெயில் போயிருந்தது. அந்த அம்மா கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து விளக்கை ஏற்றினார். பிறகு உள்ளே போனார். பின்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. பாயும் நானும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டோம். தொட்டிலில் குழந்தை அசையவில்லை. அதற்கு அந்தச் சத்தம் பழகியிருந்தது.